கேட் பாஸ் இல்லாமல் போன சார்ஜ்

ஏணியின் மூன்றாவது படியில் நின்றபடி கேமராவின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முதலில் வாயால் ஒரு ஊது. பிறகு பழைய பனியன் துணியால் இடமிருந்து வலமாக இரண்டு தடவை, வலமிருந்து இடமாக இரண்டு தடவை. அதற்குள் சட்டைப் பையில் இருக்கும் போன் 'டிங்' என்கிறது. ஒரு கையால் ஏணியைப் பற்றிக்கொண்டு மறு கையால் போனை எடுத்துத் திறக்கிறார். திரை நிறைய ஒரு பெரிய மூக்கு. அதை அவர் பொருட்படுத்துவதில்லை. "ஆள் நடமாட்டம்னு போட்டிருக்கான் தம்பி," என்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்னிடம் சொல்லிவிட்டு, கொல்லைப்புறத்தின் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பார்க்கிறார். ஒரு ஈ காக்கை இல்லை.

"போயிட்டான்," என்கிறார்.

இவர் என் வீட்டுக்காரர். மாடியில் நான் குடியிருக்கிறேன். பம்ப் செட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் இருந்த வரைக்கும் கேட் பாஸ் இல்லாம ஒரு ஆணி வெளிய போனது கிடையாது" என்பது அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வாக்கியம். வீட்டிலும் அதே நிர்வாகம்தான். சுத்தியல், டார்ச் லைட், நகவெட்டி எல்லாவற்றுக்கும் பெயிண்டில் எண் போட்டிருக்கிறார். போன வருடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இரவல் கேட்டேன். கொடுத்தார். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

கேமராக்கள் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாய் காணாமல் போனது. ஒரு வாரம் தெருவையே சந்தேகித்தார். மறு வாரம் மூன்று கேமராக்கள் வாங்கி வந்தார். வயர் கிடையாது, பேட்டரியில் ஓடும், ஆள் அசைந்தால் தானாக விழித்துக்கொண்டு படம் பிடிக்கும், உடனே போனுக்குத் தகவல் அனுப்பும். வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று, பக்கவாட்டுச் சந்தில் ஒன்று. மாட்டி முடித்த நான்காம் நாள் ரப்பர் குழாய் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடைத்தது. தொட்டி கழுவ அதை மேலே கொண்டுபோனவர் அவரேதான். நான் கண்ணால் பார்த்தேன். "பாத்தீங்களா தம்பி, கேமரா மாட்டினதும் பயந்துபோய்த் திருப்பி வச்சுட்டான்," என்றார். எனக்கு வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்த சமயம். தலையாட்டி வைத்தேன்.

கேமரா வந்த டப்பாவில் பேட்டரி மூன்று மாதம் வரும் என்று அச்சடித்திருந்தது. வாசல் கேமரா ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. சந்தில் இருந்தது ஒன்றரை மாதம். கொல்லையில் இருந்த இரண்டாம் நம்பர் மட்டும் மூன்றே நாளில் மூச்சை விட்டது. சார்ஜ் போட்டு மாட்டினார். மறுபடியும் மூன்று நாள். புதுப் பேட்டரி வாங்கினார். அதுவும் மூன்று நாள். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று. "நூறு பர்சென்ட் ஏத்தி வச்சேன். வியாழக்கிழமை பாத்தா பூஜ்யம். முழுச் சரக்கும் வெளிய போயிருக்கு. யாரு கையெழுத்து போட்டா?" என்று என்னைக் கேட்டார். பால்காரரைக் கேட்டார். ஒரு தவறான எண்ணிலிருந்து போன் செய்த பெண்மணியைக் கூடக் கேட்டதாகக் கேள்வி.

அதன் பிறகு நடந்தது புலன் விசாரணை. முதலில் துணி காயும் கொடியைச் சந்தேகித்தார். ஈரத் துணி காற்றில் ஆடினால் கேமரா விழித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தார். கொடி மொட்டைமாடிக்கு ஏறியது. முட்டி வலியோடு ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவியும் ஏறினார். அடுத்த பழி வேலியோரச் செடிகள் மேல் விழுந்தது. அவற்றை ஒட்ட வெட்டியதில் கொல்லை இப்போது மொட்டை அடித்த தலையைப் போல இருக்கிறது. வெயிலில் சார்ஜ் ஏறும் சோலார் பலகை ஒன்று வாங்கினார். அதைத் திருடிவிடுவார்களே என்று வெயிலே படாத கூரை இடுக்கில் பத்திரமாக மாட்டினார். சிக்னல் பலவீனமானாலும் பேட்டரி அதிகம் செலவாகும் என்று யாரோ சொல்ல, இன்டர்நெட் பெட்டியைக் கூடத்திலிருந்து பெயர்த்துச் சமையலறை ஜன்னலில் வைத்தார். இன்டர்நெட்டுக்குப் பாதிக் காசு கொடுக்கும் எனக்கு அன்றிலிருந்து சிக்னல் இல்லை. பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்ப வேண்டுமென்றால் நான் அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் போய் நிற்கிறேன்.

"கேமராவோட சென்சிட்டிவிட்டிய கொஞ்சம் கம்மி பண்ணி வைக்கலாமே சார்? எல்லாத்துக்கும் முழிச்சுக்காம இருக்கும்," என்று ஒரு நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"விஷயம் அது இல்ல தம்பி. வாட்ச்மேன் தூங்கறான்னா எழுப்பணும். நீங்க என்னடான்னா தலகாணி குடுக்கச் சொல்றீங்க."

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கேமரா பிடித்து வைத்த படங்களை அவர் பார்ப்பதே இல்லை. "நடந்து முடிஞ்சத பாத்து என்ன பண்றது? கையும் களவுமா பிடிக்கணும்" என்பது கொள்கை. ஆகவே 'டிங்' என்றதும் அந்தக் கணம் கொல்லையில் என்ன நடக்கிறது என்று நேரடியாகத் திறந்து பார்ப்பார். அதற்குள் வந்தவர் போயிருப்பார். காலிக் கொல்லையை ஐந்து நிமிடம் உற்றுப் பார்ப்பார். பிறகு நேரில் போய்ப் பார்ப்பார். திரும்பி வந்து உட்காரும்போது மறுபடி 'டிங்'. இப்படியே பொழுது சாயும். வந்தது யார் என்பதைப் பின்பக்கக் கதவு கிறீச்சிடும் சத்தத்தை வைத்து அனுமானித்து நோட்டில் எழுதுவார். நேரம், பர்சென்ட், காரணம் என்று மூன்று பத்தி. காரணம் பத்தியை ஒரு நாள் புரட்டிப் பார்த்தேன். பூனை. காற்று. மனைவி. மச்சான். மச்சான் சம்சாரம். மேல்மாடி. மேல்மாடி என்பது நான்.

அந்தப் பின்பக்கக் கதவுதான் கடைசியில் குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

அவர் மனைவியின் அண்ணன் வீடு இந்த வீட்டுக்கு நேர் பின்னால், அடுத்த தெருவைப் பார்த்து இருக்கிறது. இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு மதில். மதிலில் குனிந்து போகும் அளவுக்கு ஒரு சின்ன இரும்புக் கதவு. பத்தொன்பது வருடமாக அதற்குப் பூட்டு கிடையாது. அந்த அம்மாள் அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள் அந்தப் பக்கம் போய் அண்ணியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவார். பஸ் டிரைவரான அண்ணன் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு அதே கதவு வழியாக வந்து, மைத்துனரோடு படியில் உட்கார்ந்து டீ குடிப்பார். கேமரா மாட்டிய பிறகு, வரும்போதெல்லாம் அதற்கு ஒரு சல்யூட் வைப்பார். "டூட்டில இருக்கியா? இரு, இரு," என்பார். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு சல்யூட்டுக்கும் எத்தனை பர்சென்ட் போகிறது என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரியும்.

ஒரு மாலை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மச்சான், தப்பா நினைக்காதீங்க. போக வர எல்லாம் தெரு வழியா வெச்சுக்கலாமா? இந்தக் கதவாலதான் சரக்கு வெளிய போகுது," என்று சொல்லிவிட்டார்.

மச்சான் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான், எதிரில் இருப்பவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, குனிந்து போய்க் கதவைச் சாத்தினார். மறுநாள் தங்கைக்கு மருந்து வாங்கிக் கொண்டு தெருவைச் சுற்றி வந்து வாசலில் நின்று பெல் அடித்தார். பெல் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த அந்த அம்மாள், அந்நியரைப் போல வெளியே நிற்கும் அண்ணனைப் பார்த்து அப்படியே அழுதுவிட்டார். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த நான் திரும்பி மேலே ஏறினேன். வீட்டுக்காரர் உள்ளிருந்து, "வாசல் கேமரா எழுபத்தெட்டு," என்றார்.

பேசிப் பார்த்தும் பெண்கள் இருவரும் கதவைப் பயன்படுத்துவதை விடாததால், செங்கல் வைத்து அடைத்துவிடுவது என்று முடிவு செய்தார். கொத்தனாரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லியாகிவிட்டது. இருநூறு செங்கல் வந்து மதிலோரம் அடுக்கப்பட்டது. தெருவைச் சுற்றிப் போக நல்ல காலுக்கே பதினைந்து நிமிடம் ஆகும். அந்த அம்மாளின் முட்டிக்கு அது நடக்கிற காரியம் இல்லை. மொட்டைமாடியில் துணி எடுக்க வந்தவர் என் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, அந்தக் கதவ அடைச்சுட்டா எனக்குப் பேச ஆளே கிடையாது. இவரு அந்தப் போனுகூடத்தான் பேசறாரு. நீங்க படிச்சவரு, ஏதாவது பண்ணுங்களேன்."

படித்தவன் செய்யக்கூடியது ஒன்றுதான். கேமரா கம்பெனிக்குப் போன் செய்து சர்வீஸ் ஆள் அனுப்பச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நின்று பேச நேரமில்லாதவர் என்று தெரிந்தது. வீட்டுக்காரர் தயாராக ஏணியைச் சாத்தி வைத்திருந்தார். வந்தவர் ஏணிப் பக்கமே போகவில்லை.

"கேமராவ அப்புறம் பாக்கலாம் சார். மொதல்ல அது யாரைப் பாக்குதுன்னு பாக்கணும்."

"எல்லாம் எழுதி வச்சிருக்கேன்," என்று நோட்டை நீட்டினார் இவர். ஸ்டோரில் ஆடிட் வந்தால் நீட்டுகிற தோரணை. அந்தப் பெண்மணி மூன்று பக்கம் புரட்டினார்.

"இதுல உங்க பேரே இல்லையே சார்?"

"நான் ஸ்டோர் கீப்பர்மா. என் பேரு எதுக்கு?"

அந்தப் பெண்மணி நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். எங்கள் எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார். போனை மேஜை மேல் நிமிர்த்தி வைக்கச் சொன்னார். அரை மணி நேரம் யாரும் கொல்லைப்பக்கம் போகக் கூடாது, போனைத் தொடவும் கூடாது, கேமரா சும்மா இருக்கும்போது எத்தனை தடவை விழிக்கிறது என்று பார்க்கலாம் என்றார். அந்த அம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. சத்தம் இல்லை. எட்டு நிமிடம் ஆயிற்று. வீட்டுக்காரர் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல் போட்டார். பிறகு மாற்றிப் போட்டார். பத்தாவது நிமிடம் தொண்டையைக் கனைத்தார்.

"சத்தமே காணோமே."

"சத்தம் வராம இருந்தா நல்லதுதான் சார்."

"அது எப்படி நல்லதுன்னு சொல்ல முடியும்? கேமரா வேலை செய்யலன்னாலும்தான் சத்தம் வராது."

பதிமூன்றாவது நிமிடம் மனிதருக்குப் பொறுக்கவில்லை. "ஒரே நிமிஷம், வேலை செய்யுதான்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்," என்று எழுந்து போய்விட்டார். தடுக்க வாய் திறந்த என்னைச் சர்வீஸ் பெண்மணி கண்ணால் அடக்கினார்.

மேஜை மேல் 'டிங்' என்றது. அந்தப் பெண்மணி விரலால் போனைத் தொட்டார். திரையில் வீட்டுக்காரர். கொல்லை நடுவில் நின்று, கேமராவை அண்ணாந்து பார்த்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுகிறார். பிறகு நாலடி இடப்பக்கம் நகர்ந்து நின்று ஆட்டுகிறார். பிறகு வலப்பக்கம். அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் திருப்தியோடு திரும்பி வந்தார். "நல்லா வேலை செய்யுது," என்றவர், எங்கள் முகங்களைப் பார்த்ததும் பரபரத்தார். "சத்தம் கேட்டுச்சே? யாரு வந்தா?"

சர்வீஸ் பெண்மணி போனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்மணிக்கு இன்னொரு வீட்டில் வேலை இருந்தது. வெட்டு ஒன்று துண்டு இரண்டாக முடிக்க விரும்பினார். அதுவரை யாரும் திறந்தே பார்க்காத பழைய படங்களை வரிசையாகத் திறந்தார். "போன மூணு நாள்ல கேமரா தானா முழிச்சது அறுபத்தெட்டு தடவை சார். அதுல பூனை ஒம்பது. மேல்மாடி சார் நாலு. அக்கா பதினொண்ணு. பின் வீட்டம்மா அஞ்சு. மீதி முப்பத்தொம்பதும் நீங்க. துடைக்க வர்றீங்க, பாக்க வர்றீங்க, பாத்துட்டுப் போயிட்டமான்னு பாக்க வர்றீங்க. அது போக, அது சிவனேன்னு இருக்கறப்ப நீங்க போன்ல எழுப்பி நேரா பாத்தது நூத்திப் பதினாலு தடவை. அதுக்குத்தான் பேட்டரி ஜாஸ்தி செலவாகும். தூங்க விடாம எழுப்பிட்டே இருந்தா எந்த வாட்ச்மேன் சார் மூணு நாளைக்கு மேல நிப்பான்?"

வீட்டுக்காரர் நோட்டைத் தேடி எடுத்தார். ஸ்டோர் கீப்பர் கணக்கை இன்னொருவர் சொன்னால் சும்மா ஒப்புக்கொள்வாரா? விரலை வைத்து அந்த மூன்று நாட்களின் வரிகளை ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"மச்சான் ஏழு தடவைன்னு எழுதியிருக்கேனே. நீங்க சொன்னதுல அவரு விட்டுப்போயிட்டாரே?"

"படத்துல அப்படி யாரும் இல்லையே சார்."

அந்த அம்மாள் டீ டம்ளர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "அண்ணன் அந்தக் கதவு வழியா வந்து பதினாறு நாளாச்சு."

சர்வீஸ் பெண்மணி இரண்டு மூன்று இடங்களில் ஏதோ மாற்றி வைத்துவிட்டு, "மீதி உங்க கையிலதான் சார்," என்று ஹெல்மெட்டை எடுத்தார். அவர் தந்த படிவத்தில் வீட்டுக்காரர் கண்ணாடி போடாமலே கையெழுத்துப் போட்டார். வேலை பார்த்த முப்பத்தொரு வருடத்தையும் சேர்த்து, அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்ட முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த நாலு நாளும் அவர் பர்சென்ட் சொல்லவில்லை. போனைப் பிரிட்ஜின் தலையில் வைத்திருந்தார். கட்டுரை அனுப்பச் சமையலறைக்குப் போன நான், அது 'டிங்' என்றதும் அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். புகை பிடிப்பதை விட்டவர்கள் இப்படித்தான் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை கொல்லைக்குப் போக வேண்டியிருந்தபோது, கேமராவுக்குத் தெரியாமல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்துப் போனார். பார்க்கிறவர்கள் அசல் திருடன் என்றே நினைப்பார்கள். ஆனால் செங்கல் மதிலோரம் அப்படியே இருந்தது. கொத்தனாரை வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று கேட்க அந்த அம்மாளுக்கும் வாய் வரவில்லை. கோபத்தில் கேட்டு, அவரும் வீம்புக்கு அடைத்துவிட்டால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார் வந்துவிட்டார். வீட்டுக்காரர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தார். அன்றைக்குப் போனும் சட்டைப் பையில் இருந்தது. சமையலறை வாசலில் அந்த அம்மாள் ஈரக் கையோடு நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் அண்ணன் இருமுவது கேட்டது.

"இந்தக் கதவத்தான அடைக்கணும் சார்?"

"அடைக்கறதா? யாரு சொன்னா?"

கொத்தனார் விழித்தார். "நீங்கதான் சார் சொன்னீங்க."

"விஷயம் அது இல்லப்பா. கதவுகிட்ட இந்தப் படி உடைஞ்சு கெடக்கு பாரு. முட்டி வலிக்காரி ஏறி இறங்கற படி. உயரத்தைக் கொறைச்சு அகலமா கட்டிக் குடு."

"ஒரு படிக்கு எதுக்கு சார் இருநூறு செங்கல்?"

"ஸ்டாக்ல இருக்கட்டும்."

அந்த அம்மாள் கையைக் கூடத் துடைக்கவில்லை. முட்டி வலி எங்கே போயிற்றோ, கொல்லையின் நட்டநடுவில், கேமராவுக்கு நேராக, விறுவிறுவென்று நடந்து போய்க் கதவைத் திறந்துகொண்டு, "அண்ணி!" என்று கூப்பிட்டபடி குனிந்து மறைந்தார். கதவு கிறீச்சிட்டது.

வீட்டுக்காரரின் சட்டைப் பையில் 'டிங்' என்றது. கை பைக்குள் போனது. கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தது. வெளியே வந்தபோது அதில் இருந்தது பேனா. நோட்டைப் பிரித்தார். செவ்வாய்க்கிழமை விரல் நின்ற பக்கத்தைத் தேடி எடுத்தார். காரணம் என்ற பத்தியில் 'மச்சான்' என்று எழுதியிருந்த ஏழு இடத்திலும் ஸ்கேல் வைத்தது போலக் கோடு இழுத்தார். பக்கத்தில் தன் முழுக் கையெழுத்தைப் போட்டு, ஸ்டோரில் போடுவது போலவே அடியில் இரண்டு புள்ளி வைத்தார்.